யாழ்ப்பாணத்து அட்டமியும் ஒக்லாந்து மழையும்

1

மழைக்கு ஒளித்து விளையாட நாள் பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஊரிலிருக்கும் சொந்தக்காரருக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "உதுக்கும் சம்பளம் தாறாங்களோ?" என்று என் மச்சான் ஒருமுறை கேட்டார். தருகிறார்கள் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஒக்லாந்தில் ஒரு பேஸ்பால் கழகத்தில் வேலை செய்கிறேன். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுப்பது கஷ்டமில்லை. ஒருவர் எறிவார், ஒருவர் அடிப்பார், அடித்தவர் மைதானத்தின் நாலு மூலையையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ஓட்டம். அந்த மூலைகளுக்குப் பெயர் பேஸ். எறிகிறவரைப் பிட்சர் என்பார்கள், ஆட்டத்தில் அவர்தான் ராசா. சில அவுஸ்திரேலிய அணிகளும் நாங்களுமாகச் சேர்ந்த சின்ன லீக். கோடையில்தான் ஆட்டம், இங்கே அது மார்கழி, தை மாதங்கள்.

கோடை என்று சொல்லிவிட்டேன், ஆனால் ஒக்லாந்துக் கோடையை நம்பி உடுப்புக் காயப்போட முடியாது. இரண்டு பக்கமும் கடல். காலையில் மேற்கிலிருந்து ஒரு மழை, மதியம் மண்டையைப் பிளக்கிற வெயில், பின்னேரம் கிழக்கிலிருந்து இன்னொரு மழை. பிட்சர் நிற்கும் களிமண் மேட்டில் ஈரம் ஊறிவிட்டால் கால் வழுக்கும், விளையாட முடியாது. தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடிவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். வந்த அணி திங்கட்கிழமை பிளேனேறிவிடும். கைவிட்ட ஆட்டம் கைவிட்டதுதான்.

இந்த வருடம் பருவத்தையே நகர்த்தச் சொல்லியிருக்கிறார்கள். வசந்தத்து மழை ஓய்ந்த பிறகு தொடங்க வேண்டும், வடக்கிலிருந்து சூறாவளியின் வால் வந்து அடிக்கும் முன் முடிக்க வேண்டும். இடையில் கிறிஸ்மஸ், பள்ளி விடுமுறை, அதே மைதானத்தைக் கேட்கும் இசை நிகழ்ச்சிக்காரர். எங்கள் மேலாளர் ஷெரில், வரும் வெள்ளிக்குள் முடித்துத் தா என்கிறார். முக்கால்வாசி முடித்துவிட்டேன். பிரிஸ்பேன் அணி எங்களிடம் வர வேண்டிய வார இறுதி மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. மூன்று நாட்களாக அதில் கை வைக்க மனம் வரவில்லை. ஏனென்று எழுதிப் பார்த்தாலாவது மனம் இறங்குமோ என்றுதான் இதைத் தொடங்கினேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், என் வெட்கத்தை மாற்றவில்லை.

2

முதலில் என் களவைச் சொல்ல வேண்டும்.

எங்களிடம் மழையைக் கணிக்கும் மென்பொருள் இருக்கிறது. அதிலிருந்து வருவதை வைத்துக்கொண்டு நான் ஆட்ட நாட்களை அமைப்பேன். ஆனால் பல நேரங்களில் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் வரும். இதுவும் சரி, அதுவும் சரி, அல்லது இரண்டும் பிழை. அப்போது யாராவது ஒருவர் தீர்மானிக்க வேண்டும். அந்த ஒருவர் நான். நான் என்ன செய்வேனென்றால், மனுரேவாவில் என் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் போய்ப் பார்ப்பேன். அட்டமி, நவமி இல்லாத நாளைக் குறித்துக்கொண்டு வருவேன்.

இதை அலுவலகத்தில் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் என்ன பெயரில் சொல்வது? பிறையின் எட்டாம் நாள் ஆகாத நாள் என்று ஷெரிலுக்கு விளங்கப்படுத்த என்னிடம் ஆங்கிலமும் இல்லை, துணிவும் இல்லை. அவர் கேட்டால் "அனுபவம்" என்பேன். இரண்டு மூன்று தடவை நான் சொன்ன நாளில் மழை விட்டுப்போனதால், எனக்கு வானிலை மூக்கு இருக்கிறது என்று கூட்டத்தில் எல்லோர் முன்னும் சொல்லிவிட்டார். நானும் மூக்கைத் தடவிக்கொண்டேன்.

நாட்காட்டியை ஒவ்வொரு வருடமும் அனுப்புவது அம்மா. கொக்குவிலிலிருந்து யாராவது வரும்போது சுருட்டிக் கொடுத்துவிடுவார். அதற்கும் ஒரு காரணம் உண்டு. நான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட காலத்தில் நினைத்த நாளில் வெளிக்கிட முடியாது. போர்க்காலம், ஊரைவிட்டுப் போக அனுமதிப் பாஸ் எடுக்க வேண்டும், பாஸில் என்ன திகதி போட்டிருக்கிறதோ அன்றைக்குத்தான் பயணம். எனக்குக் கிடைத்தது நவமி. மற்றத் தாய்மார் பிள்ளை போகிறானே என்று அழுதார்கள். என் அம்மா நவமியில் போகிறானே என்று அழுதார். இன்றைக்கும் தொலைபேசியில் நான் இருமினால், "அண்டைக்கு நாள் பார்க்க ஏலாமப் போச்சு" என்றுதான் சொல்வார். எனக்கு இங்கே எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வேலை, வீடு, மோர்ட்கேஜ், மகள் பல்கலைக்கழகம். ஆனாலும் அம்மாவின் அந்தக் குற்றவுணர்ச்சி எனக்குள்ளும் எப்படியோ வந்து குந்திவிட்டது. நாள் பார்க்கக் கிடைத்தால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பதற்றம். நம்பிக்கையா என்று கேட்டால் தெரியாது. பார்க்காமல் விட்டால் மனம் வேறொன்றில் நிற்காது, அவ்வளவுதான்.

3

தவமண்ணை ஒக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அகதியாக வந்து, முதலில் பண்டகசாலை, பிறகு மரக்கறி பொதி பண்ணும் இடம், இப்போது அறுவடை மேற்பார்வை. கோயிலில் அன்னதானத்துக்கு வெங்காயம் எப்போதும் அவர் பொறுப்பு. அப்படித்தான் எனக்குப் பழக்கம்.

அவருடைய மகன் கிஷான் எங்கள் அணியில் பிட்சர். எங்கள் ஆட்களில் இந்த விளையாட்டுக்கு வந்தது எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான். பள்ளியில் சொஃப்ட்போல் விளையாடியவன், கை நீளம், பிறகு இதற்கு இழுத்துக்கொண்டார்கள். பொறியியல் படிப்பின் இரண்டாம் வருடத்தில், படிப்பை நிறுத்திவிட்டு விளையாடப் போகிறேன் என்று வீட்டில் சொன்னான். தவமண்ணை அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினவர், அதற்குப் பிறகு மகனோடு நேராகக் கதைக்கவில்லை. ஒரே வீடு, ஒரே சமையலறை. "அம்மா, டெல் அப்பா த கார் நீட்ஸ் பெட்ரோல்" என்று அவன் சொல்வான். மலரக்கா கணவனிடம் திரும்பித் தமிழில் சொல்வார். பதில் தமிழில் வரும், மலரக்கா மகனிடம் திரும்புவார். பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு நடுவில் அந்த மனிசி டெலிபோன் கம்பி மாதிரி நின்றார். வருடம் ஒன்றுக்கு மேல் இப்படிப் போனது.

போன தை மாதம் கோயில் சமையலறைக்குப் பின்னால் தவமண்ணை என்னைப் பிடித்தார்.

"தம்பி, உவன் எறியிற நாள் எது எண்டு முன்னமே தெரியுமோ?"

பிட்சர்கள் முறை வைத்துத்தான் எறிவார்கள், தெரியும் என்றேன். பருவத்தின் கடைசி உள்ளூர் வார இறுதி, ஞாயிறு பகல் ஒரு மணி ஆட்டம் கிஷானுடையது.

"கடைசியோ?"

"ஓம் அண்ணை. அதுக்குப் பிறகு பிரிஸ்பேனுக்குப் போறானெல்லே. அங்கத்தைய அணியில எடுத்திருக்கினம்."

அவர் கையிலிருந்த வெங்காயச் சாக்கின் வாயைக் கட்டினார், அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். "தை மாசம் எங்களுக்கு அறுவடை. மழை பெஞ்சாத்தான் எனக்கு லீவு. மழை பெஞ்சா உங்களுக்கு ஆட்டமில்லை. நான் என்னெண்டு அவன்ர விளையாட்டைப் பாக்கிறது, சொல்லு பாப்பம்?" என்றார். பிறகு, தோட்டக்காரரிடம் கேட்டு அந்த ஒரு ஞாயிறை எடுத்துவிட்டதாகச் சொன்னார். வந்த காலத்திலிருந்து அறுவடைக்குள் அவர் கேட்ட முதல் லீவு அதுதான்.

"அவனிட்டச் சொல்லாத. மலரிட்டயும் சொல்லாத. நான் வாறன் எண்டு தெரிஞ்சா அவனுக்குக் கை நடுங்கும். ஒரு மூலைக்க நிண்டு பாத்திட்டு, முடிஞ்சாப் பிறகு போய்க் கதைப்பன்."

நான் தலையாட்டினேன். அதாவது, தவமண்ணை அந்த ஞாயிறு வருகிறார் என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பிறகு நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாட்டுகள் எல்லாம் இங்கே வந்துதான் உடைகின்றன.

4

அந்த ஆட்டம் வரவிருந்த வார வியாழன் வானிலை குழம்பியது. மேற்கிலிருந்து ஒரு மழைத்திரள் வருகிறது, சனியும் வரலாம் ஞாயிறும் வரலாம் என்றார்கள். எங்கள் மென்பொருளும் கையை விரித்துவிட்டது. வழி ஒன்றிருந்தது. சனி ஆட்டம், ஞாயிறு ஆட்டம் இரண்டையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிடலாம். சனியில் வைப்பதா, ஞாயிறிலா?

ஷெரில் என் மேசைக்கு வந்து, "உன் மூக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்டார்.

மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்று காலை தேநீர் போடும்போதே நான் நாட்காட்டியைப் பார்த்துவிட்டேன். ஞாயிறுக்கு நேரே, சப்தமி நண்பகல் வரை, பின் அட்டமி என்று போட்டிருந்தது. ஆட்டம் ஒரு மணிக்கு. மத்தியானம் தொடங்குகிற அட்டமிக்குள் கொண்டுபோய் ஒரு பிள்ளையின் கடைசி ஆட்டத்தை வைப்பதா?

"சனிக்கிழமை" என்றேன்.

தவமண்ணையின் ஞாயிறு எனக்கு நினைவு வரவில்லையா? வந்தது. சனிக்கிழமை என்ற சொல் வாயிலிருந்து விழுந்த அதே நொடியில் வந்தது. பின்னேரம் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், தோட்டக்காரரிடம் நாளை மாற்றிக் கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் டிக்கெட் எடுத்தவர்களுக்கு அறிவிக்க வேண்டும், நடுவர்களின் தங்குமிடத்தை மாற்ற வேண்டும், சாப்பாட்டு வண்டிக்காரர் இருவர் கத்துகிறார்கள். வெள்ளியும் அப்படியே போனது. நடுவில் ஒருமுறை அவருக்குத் தொலைபேசி எடுக்க நினைத்தேன். எடுக்கவில்லை. கிஷானுக்கு நாள் மாறியது தெரியும்தானே, வீட்டில் சொல்லியிருப்பான், இவருக்கும் காதில் விழுந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு என்னைச் சமாதானப்படுத்தினேன். ஒருவரோடொருவர் கதைக்காத வீடு அது என்பதையும், இவர் வருவது அவர்களுக்குத் தெரியாது என்பதையும் தெரிந்துகொண்டேதான் அந்தக் கணக்கைப் போட்டேன்.

5

சனிக்கிழமை முதல் ஆட்டம் முழுக்கத் தூறல். இரண்டு தடவை படங்கு இழுத்தோம். இரண்டாவது ஆட்டத்துக்கு வானம் கொஞ்சம் வெளித்தது. கிஷான் மேட்டில் ஏறினான்.

எனக்கு இந்த விளையாட்டில் பெரிய இரசனை கிடையாது, உண்மையைச் சொன்னால் மழை நின்றால் போதும் என்று இருப்பவன். ஆனால் அன்றைக்கு அவன் எறிந்ததை நின்று பார்த்தேன். ஐந்தாவது சுற்றில் மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள் நிற்கிறார்கள், ஒரு நல்ல அடி விழுந்தால் எல்லோரும் ஓடி வந்துவிடுவார்கள். கிஷான் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். அடுத்தடுத்து இரண்டு பேரை, பந்தைத் தொடக்கூட விடாமல், ஆட்டமிழக்க வைத்து அந்தச் சுற்றை முடித்தான். ஈரக் கதிரைகளில் இருந்த கொஞ்சச் சனம் எழும்பி நின்று கத்தியது. அவன் ஒருமுறை கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். நான் கீழே குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். அப்போதும் தொலைபேசியை எடுத்திருக்கலாம். எடுத்து என்ன சொல்வது, பாதி ஆட்டம் முடிந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு விடியும்போதே வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு முகில் இல்லை. மனைவி இரண்டு தடவை உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டார். நான் புல்லு வெட்டி, குளித்து, பின்னேரத் தேத்தண்ணியோடு இருக்கும்போது தொலைபேசி அடித்தது.

"என்ன தம்பி, கேற் பூட்டிக் கிடக்கு. ஒரு சனத்தையும் காணேல்லை. உள்ளுக்குப் போக வேற வழி இருக்கோ?"

"அண்ணை... ஆட்டம் நேற்று முடிஞ்சுது. மழையெண்டு மாத்திப்போட்டம்."

"மழையோ?" என்றார்.

அவர் மேலே பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். நானும் யன்னலால் பார்த்தேன். அப்படியொரு நீலம். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நான் தப்பியிருப்பேன். "சரி, அப்ப நான் வாறன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

6

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் ஒழுங்காகக் கதைக்கவில்லை. மகள் அபி கவனித்துவிட்டாள். அவள் இங்கே பிறந்தவள், நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். கோயிலுக்கு வருடத்தில் இரண்டு தரம் வந்தால் பெரிய காரியம். அவளிடம்தான் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன். நாட்காட்டி, அட்டமி, தவமண்ணை. மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். அபி சிரிக்கவில்லை. எழும்பிப் போய்ச் சுவரிலிருந்த நாட்காட்டியின் அடியை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, திஸ் இஸ் ஸ்ரீலங்கா டைம், ரைட்?"

எனக்கு விளங்கவில்லை.

அவள் பொறுமையாகச் சொன்னாள். அங்கே அச்சடித்தது, அங்கத்தைய நேரம். நிலவின் கணக்கு உலகம் முழுக்க ஒரே கணத்தில்தான் மாறும், ஆனால் அந்தக் கணத்தில் யாழ்ப்பாணத்து மணிக்கூட்டில் ஒரு நேரம், இங்கே இன்னொரு நேரம். யாழ்ப்பாணத்தில் நண்பகல் என்றால் ஒக்லாந்தில் பொழுது சாய்கிற நேரம். கிஷான் ஞாயிறு ஒரு மணிக்கு எறிந்து, குளித்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட பிறகுதான் இங்கே அட்டமி தொடங்கியிருக்கும்.

"சோ சண்டே வோஸ் ஃபைன்" என்றாள்.

இத்தனை வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் அங்கே இப்போது என்ன நேரம் என்று விரல் விட்டு எண்ணுகிறேன். அவுஸ்திரேலிய அணிகளின் விமானத்துக்கு மணித்தியாலம் கூட்டிக் கழிப்பது என் வேலை. ஆனால் நல்லது கெட்டது என்று வந்தவுடன், சந்திரன் கொக்குவில் வீட்டுக்கு நேரே மட்டும் நிற்கிறது என்று நினைத்துவிட்டேன். இங்கே எங்கள் கோயிலிலேயே ஒக்லாந்து நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கம் வைத்திருக்கிறார்கள். ஐயரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடம். கேட்கத் தோன்றவில்லை. அம்மா அனுப்பியது இருக்கும்போது வேறென்ன?

எத்தனை ஆட்டங்களை இப்படி இல்லாத அட்டமிக்கு ஒளித்து மாற்றினேன் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. ஆனால் மற்ற ஆட்டங்கள் என்னைக் குத்தவில்லை. ஒரு மனிதர் ஒரு ஞாயிறைக் கேட்டு வாங்கினார், அதை நான் எடுத்து எறிந்தேன். கெட்ட நேரத்துக்காகக்கூட இல்லை, அடுத்த ஊரின் மணிக்கூட்டுக்காக.

7

கிஷான் அடுத்த கிழமையே பிரிஸ்பேனுக்குப் போய்விட்டான். நான் மாசி முழுக்கக் கோயில் பக்கம் போகவில்லை. பங்குனியில் மனம் பொறுக்காமல் புக்கெகோஹிக்குக் காரை விட்டேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பதாகத்தான் திட்டம். வழி முழுக்க வசனம் ஒத்திகை பார்த்தேன்.

தவமண்ணை கராஜுக்குள் கதிரை போட்டு இருந்தார். அறுவடை முடிந்து ஆறுதலாக இருந்த நேரம். நான் தொடங்கினேன். "அண்ணை, அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை..."

"அதை விடு" என்றார். கதவை ஒருக்கா எட்டிப் பார்த்தார், மலரக்கா உள்ளே இருந்தார். குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒண்டு செய்து தா. அண்டைக்கு என்ன நடந்தது எண்டு முதல்ல இருந்து சொல்லு."

"எது அண்ணை?"

"அவன்ர விளையாட்டு."

விடயம் இதுதான். விமான நிலையத்தில் கிஷான் பெட்டியோடு நிற்க, இவருக்கு என்ன கதைப்பதென்று தெரியவில்லை. வருடத்துக்கு மேல் கதைக்காத வாய். சட்டென்று, "பாத்தனான். நல்லா எறிஞ்சனி" என்று சொல்லிவிட்டார். வாய் தவறித்தான் வந்தது.

"அவன் பெட்டியை விட்டிட்டு என்னைக் கட்டிப்பிடிச்சவன், தம்பி. சின்னனில பிடிச்சதுக்குப் பிறகு இப்பத்தான். அதுக்குப் பிறகு நான் என்னெண்டு சொல்லுறது, காணேல்லை எண்டு?"

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவன் அழைக்கிறானாம். மலரக்காவிடம் ஒரு நிமிடம், பிறகு அப்பாவைக் கேட்கிறானாம். ஐந்தாவது சுற்றைப் பற்றி என்ன நினைத்தீர்கள் அப்பா என்று கேட்டிருக்கிறான். இவர் "அது திறம்" என்று சமாளித்திருக்கிறார். இன்னும் எத்தனை நாள் சமாளிப்பது?

நான் சொன்னேன். தூறல், படங்கு, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தது, மூன்று பேஸிலும் ஆட்கள், இரண்டு பேரை அனுப்பியது. அவர் சின்னப் பிள்ளை பாடம் கேட்பதுபோலக் கேட்டார். வெங்காயங்களை நிலத்தில் நாலு மூலைக்கு வைத்து, ஆர் எங்கே நின்றது என்று காட்டச் சொன்னார். தொப்பியை வலது கையாலேயா இடது கையாலேயா கழற்றினான் என்று கேட்டார். எனக்கு நினைவில்லை, வலது என்றேன்.

"நான் எங்க இருந்தனான் எண்டு கேட்டால்?"

யோசித்தேன். "மூன்றாம் பேஸ் பக்கம், மேல் வரிசை எண்டு சொல்லுங்கோ. அங்க இருந்தா ஆருக்கும் தெரியாது."

"மூன்றாம் பேஸ், மேல் வரிசை" என்று திரும்பச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்தார். "நான் பூட்டின கேற்றில நிண்டது அவனுக்குத் தெரியக்கூடாது. சொந்த மகன்ர ஆட்டம் எண்டைக்கெண்டு தெரியாத தகப்பன் எண்டு நினைப்பான். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். மன்னிப்புக் கேட்க வந்தவன், அவர் பொய்க்குக் கதிரை போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு கிலோ வெங்காயமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

8

இந்தத் திங்கட்கிழமை கிஷான் எனக்கு அழைத்தான். பிரிஸ்பேன் அணியோடு அவனும் வருவான், அடுத்த பருவத்து நாள் தெரியுமா என்று கேட்டான். அவன் தமிழ் அங்கே போய்க் கொஞ்சம் கூடியிருக்கிறது. அப்பாவோடு ஒவ்வொரு கிழமையும் கதைப்பதால் இருக்கும்.

"நாள் இன்னும் வைக்கேல்லை, அப்பன்."

"ஓகே அங்கிள். வெதர் எப்பிடியெண்டாலும் பரவாயில்லை. ஒரு ஹெல்ப் வேணும். அப்பாக்கு ஒரு சீற் புக் பண்ணோணும். லாஸ்ட் டைம் இருந்த அதே சீற். நான் எறியேக்க அங்க பாக்கோணும்."

எடுத்த பேனையைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

"அப்பா மூன்றாம் பேஸ் பக்கம், டொப் ரோ எண்டவர். பட் அண்டைக்கு அந்த சைட் முழுக்கக் கயிறு கட்டி க்ளோஸ் பண்ணியிருந்தது, ஈரம் எண்டு. ஹீ மஸ்ட் பி மிக்ஸிங் இட் அப். எங்க இருந்தவர் அங்கிள்? நீங்கள் கண்டிருப்பீங்கள்தானே?"

அந்தக் கயிற்றை நான் அடியோடு மறந்திருந்தேன். அவன் குரலில் சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் இலகு. அவன் அப்பாவுக்கு இடம் மாறிப்போச்சு, வயசு போகுது என்று சிரித்துக்கொண்டே கேட்கிறான். இன்னொரு பக்கத்தைச் சொல்லலாம். முதலாம் பேஸ், கீழ் வரிசை. நானே டிக்கெட் போட்டு, தவமண்ணையைக் கொண்டுபோய் இருத்தி, இங்கேதான் இருந்தீர்கள் என்று சொல்லிக் கொடுக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனிதர் வந்தவர். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. வராத ஆள் வந்தேன் என்று சொல்வது பொய். இவர் உண்மையாகவே லீவு கேட்டு, உடுத்துக்கொண்டு வந்தவர், ஆனால் வந்ததை மறைத்து, வராத நாளுக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மறைப்பு என்னுடைய அசட்டை செய்த வேலை. கராஜில் பண்ணிய சத்தியம் யாரைக் காப்பாற்றுகிறதென்று யோசித்தால், அவரைவிட என்னைத்தான் கூடக் காப்பாற்றுகிறது.

"கிஷான், அப்பா சனிக்கிழமை வரேல்லை" என்றேன்.

அவசரமாகச் சொன்னேன், எங்கே வைத்துவிடுவானோ என்ற பயத்தில். "அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தவர். உனக்குச் சொல்லாம வரவெண்டு அறுவடைக்குள்ள லீவெடுத்து வந்தவர். எனக்கு மட்டும்தான் தெரியும். ஆட்டத்தைச் சனிக்கு மாத்தினது நான். மழைக்காக இல்லை, வேற ஒரு விசர்க் காரணத்துக்காக. மாத்திப்போட்டு அவருக்குச் சொல்லவுமில்லை. அவர் வந்து பாக்கேக்க கேற் பூட்டியிருந்தது. உன்னோட கதைக்கோணும் எண்டு வந்தவர்."

"சண்டே?" என்றான். பிறகு தமிழில், மெதுவாக, "ஞாயிற்றுக்கிழமை அங்க ஒண்டும் இல்லையே, அங்கிள்."

"ஓம்."

"தனியவோ வந்தவர்?"

"ஓம், தனிய."

பின்னால் யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள், பயிற்சிக்காக இருக்கும். அவன் போகவில்லை. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பான், அட்டமியைச் சொல்லலாம், அம்மாவைச் சொல்லலாம், அபி கண்டுபிடித்ததைச் சொல்லலாம் என்று எனக்குள் எல்லாம் வரிசையாக நின்றன. அவன் அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"எவ்வளவு நேரம் நிண்டவர், அங்கிள்?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அன்று தொலைபேசியிலும் நான் கேட்கவில்லை, கராஜிலும் கேட்கவில்லை. இவ்வளவு காலமும் என் குற்றத்தையே தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு மணி ஆட்டத்துக்கு வந்து பின்னேரம் எனக்கு அழைத்தவர் அந்த வெயிலில் எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குக் கேட்கவே தோன்றவில்லை.